நடன வீடியோவுக்கு எந்த இசையைச் சட்டப்படி பயன்படுத்தலாம்? ஒரு நாட்டியப் பள்ளி ஆசிரியைக்கு விரிவான பதில்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய பரதநாட்டியப் பள்ளி நடத்துகிறேன். ஆண்டு விழா வீடியோக்களை யூடியூபில் ஏற்றியதும் இரண்டுக்குக் காப்புரிமைக் கிளெய்ம் (உரிமை கோரும் அறிவிப்பு) வந்தது. ஒன்று சினிமாப் பாட்டு. மற்றது கடையில் காசு கொடுத்து வாங்கிய சிடியில் இருந்த தியாகராஜர் கீர்த்தனை. தியாகராஜருக்கு யார் உரிமை கேட்க முடியும்? இனி பிரச்சினை வராத இசையை எங்கே தேடுவது?

பதில்:

தியாகராஜருக்கு யாரும் உரிமை கேட்கவில்லை. அந்த சிடிக்குக் கேட்டிருக்கிறார்கள். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு இசை ஒலிப்பதிவு செய்து தருவது என் தொழில். பாடகரையும் பக்கவாத்தியக்காரர்களையும் சேர்ப்பது அதில் ஒரு பாதி, அவர்களோடு முறையாக எழுதி வாங்கிக்கொள்வது மறு பாதி. மற்ற நடனக்காரர்களைவிட பரதம் ஆடுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் வழி எளிது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்த வழியில் போகிறவர்கள் குறைவு, அதுதான் எனக்கு வருத்தம்.

நாம் கேட்கும் எந்தப் பாட்டிலும் இரண்டு தனிச் சொத்துகள் இருக்கின்றன. சாகித்யமும் (பாட்டின் வரிகளும்) மெட்டும் சேர்ந்த உருப்படி, அதாவது இயற்றப்பட்ட பாட்டு, ஒன்று. அதை யாரோ பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலி இன்னொன்று. மனை ஒருவர் பெயரிலும் அதன்மேல் கட்டிய வீடு இன்னொருவர் பெயரிலும் இருப்பதைப் போல. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, உருப்படிக்கான உரிமை இயற்றியவரின் வாழ்நாள் முழுவதும் இருக்கும், பிறகு அவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவருடைய கீர்த்தனை எல்லோருக்கும் பொது. அதே கீர்த்தனையை யாரோ பாடி 2005-இல் சிடியாக வந்திருந்தால், அந்தப் பதிவு 2065 முடியும்வரை உரிமையாளருக்குச் சொந்தம். பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று மூன்றாவதாக ஒன்று 50 ஆண்டுகளுக்கு உண்டு. சிடியைக் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்றால், வீட்டில் போட்டுக் கேட்கும் உரிமையைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அதை ஒரு வீடியோவோடு இணைத்து உலகத்துக்குப் போட்டுக்காட்டும் உரிமை அந்த விலையில் சேரவில்லை.

ஆக, ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். உருப்படி யாருடையது? பதிவு யாருடையது? பரதத்தில் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல பதில்தான் வரும். நாம் இன்று மார்க்கம் என்று ஆடும் வரிசைக்கு உருவம் கொடுத்த தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, நால்வருமே 19-ஆம் நூற்றாண்டில் மறைந்தவர்கள். அவர்களுடைய ஜதிஸ்வரம், வர்ணம், தில்லானா எல்லாம் பொது. க்ஷேத்ரக்ஞர் பதங்கள், முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, சுவாதித் திருநாள், ஊத்துக்காடு வேங்கடகவி, தீட்சிதர், சியாமா சாஸ்திரி எல்லோரும் இந்த வரிசையில்தான் வருவார்கள். குற்றாலக் குறவஞ்சியும் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தும் அப்படியே. கொஞ்சம் பிற்காலத்தவர் என்றால், முத்தையா பாகவதர் 1945-இல் மறைந்தார், அவர் பாடல்கள் 2005 முடிவோடு பொதுவாகிவிட்டன. மைசூர் வாசுதேவாசார் 1961-இல் மறைந்தார், அவருடையவை 2021 முடிவோடு. அலாரிப்பில் சாகித்யமே கிடையாது, தாளத்துக்குச் சொல்லும் அசைகளான சொல்லுக்கட்டுதான். ஒரு முழு மார்க்கத்தையும் ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் அமைத்துவிடலாம்.

எங்கே இடிக்கும் என்றால், மேடையில் கேட்டுக் கேட்டுப் பழகியதால் பழம்பாட்டு போலத் தோன்றும் 20-ஆம் நூற்றாண்டு உருப்படிகளில்தான். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். அவர் கீர்த்தனைகளும் பதவர்ணங்களும் 2033 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. லால்குடி ஜெயராமன் தில்லானா இல்லாத அரங்கேற்றத்தைப் பார்ப்பது அரிது. அவர் மறைந்தது 2013-இல், ஆகவே 2073 வரை. இவற்றை ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் ஏற்றுவதற்கு முன் வாரிசுகளையோ உரிமை வைத்திருப்பவர்களையோ கேட்க வேண்டும். எழுத்தாளர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்கள் சார்பில் உரிமைத்தொகை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-இலிருந்து இருக்கிறது. இயற்றியவரோ வாரிசோ அதில் உறுப்பினரா என்று விசாரிப்பது நல்ல தொடக்கம்.

பாரதியார் பாடல்களைப் பலர் கேட்பார்கள். அவர் 1921-இல் மறைந்தார். அவர் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. பாரதிதாசன் மறைந்தது 1964, எப்படிப் பார்த்தாலும் 2024 முடிவோடு காலம் தீர்ந்தது. இவர்களைத் தவிர, தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கிய கவிஞர்கள் பலர் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு நடனம் அமைக்க நல்ல வரிகள் தேடுகிறவர்கள் அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அந்த நூல்கள் படிக்கவே கிடைக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரிகள் பொதுவாகிவிட்டன என்பதால் மெட்டும் பொது ஆகிவிடாது. பாரதியின் வரிகளுக்கு ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்ட மெட்டு அவருடையது. ஆண்டாளின் திருப்பாவைக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் வயது. அதற்கு இன்று மேடைகளில் பரவலாகப் பாடும் மெட்டுகளை அமைத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மறைந்தது 1967-இல்தான். கறாராகச் சட்டம் பேசினால் அந்த மெட்டுகளுக்கு 2027 முடியும்வரை காலம் இருக்கிறது. திருப்புகழிலும் இதே கதை. சந்தமும் தாளமும் அருணகிரிநாதர் தந்தவை, இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பல பிற்காலத்தவர் அமைத்தவை. இதற்குத் தீர்வு கடினமானதல்ல. உங்கள் பாடகரையே ஒரு ராகத்தில் புதிதாக மெட்டமைக்கச் சொல்லுங்கள், அல்லது தாளக்கட்டு இல்லாமல் விருத்தமாகப் பாடச் சொல்லுங்கள். அபிநயத்துக்கு விருத்தத்தைப் போல இடம் கொடுக்கும் வடிவம் வேறு கிடையாது. தேவாரத்துக்கு ஓதுவார்கள் வழிவழியாகப் பாடிவரும் பண்முறையே இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பதிவு யாருடையது? பழைய இசைத்தட்டுகள் பொதுவாகிவிட்டனவே என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவில் அது உண்மைதான். 1964 வரை வெளியானவற்றுக்கு இங்கே 60 ஆண்டு முடிந்துவிட்டது. ஆனால் யூடியூப் உலகம் முழுவதும் தெரிகிறது, ஒவ்வொரு நாட்டிலும் கணக்கு வேறு. அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டப்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு 2067 வரை பாதுகாப்பு இருக்கிறது. அதற்கு முந்தைய 1950-களின் பதிவுகளும் அங்கே இன்னும் காலாவதி ஆகவில்லை. அதே பழைய பதிவைத் துப்புரவு செய்து மறுபடி வெளியிட்ட நிறுவனம் தன் பங்குக்குத் தானியங்கிக் கிளெய்ம் அனுப்பும். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற தளங்களில் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். யாரோ அங்கே ஏற்றியிருக்கிறார் என்பது அவருக்கு ஏற்றும் உரிமை இருந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது.

அதனால் என் பதிலின் மையம் இதுதான்: பொதுவாகிவிட்ட உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள், பதிவை நீங்களே செய்யுங்கள். செலவுதான் உங்களைத் தயங்க வைக்கும், தெரியும். ஆனால் முழு மார்க்கத்தையும் ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. அலாரிப்புக்குத் தாளம், மிருதங்கம், சொல்லுக்கட்டு, சுருதி போதும். தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம் நீங்களே செய்வீர்கள். திஸ்ர அலாரிப்பு ஒன்றை நன்றாகப் பதிவு செய்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு உங்கள் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் அது ஆகும். அடுத்து ஒரு கௌத்துவம், ஒரு ஜதிஸ்வரம். சாகித்யம் உள்ள உருப்படிக்கும் குரல், வயலின் அல்லது புல்லாங்குழல், மிருதங்கம் இருந்தாலே நிறைவாக இருக்கும். நீங்கள் கும்பகோணத்தில் இருக்கிறீர்கள். திருவையாறு அரசு இசைக் கல்லூரி பக்கத்திலேயே. அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், தேவாரம் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். நன்றாக வாசிக்கும், ஆனால் பெயர் இன்னும் வெளியே தெரியாத இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கௌரவமான தொகை கொடுத்து, வீடியோவில் பெயரும் போட்டால், இரண்டு தரப்புக்கும் அது நல்லது. நாட்டியத்துக்கு வாசிக்கும் பழக்கம் இல்லாதவர்களாக இருந்தால் இரண்டு ஒத்திகை கூடுதலாக வையுங்கள். தாளக்கோவையை முடிக்கும் தீர்மானத்தில் அரை அட்சரம் தள்ளினாலும் ஆடுகிற குழந்தைக்குக் கால் தடுமாறும்.

பதிவு செய்யும்போது கிளிக் டிராக் (சீராகத் தட்டும் ஒலி) போட்டுக் காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, கட்டிவைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி டிராக்காக எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒரு ஜதியை நீட்டவோ, சுருக்கவோ, வேறு குரல் சேர்க்கவோ வேண்டுமானால் அப்போது வசதி. இந்தத் தனி டிராக் கோப்புகளை ஸ்டுடியோவிலேயே விட்டுவிடாமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு உங்களுடையது என்பதற்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. கிராமிய நடனத்துக்குக் கீபோர்டுக்காரர் ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த இசைத்துண்டு) எதையாவது சேர்த்தால், அது எங்கிருந்து வந்தது, அதற்கு உரிமம் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். ஒரே லூப்பை ஆயிரம் பேர் பயன்படுத்துவார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டைத் தானியங்கி அமைப்பில் பதிந்து வைத்திருந்தால் உங்களுக்குக் கிளெய்ம் வரும்.

இப்போது எழுத்து வேலை. பெரும்பாலான பள்ளிகள் கோட்டை விடுவது இங்கேதான். சட்டத்தின் பார்வையில், ஒலிப்பதிவைச் செய்ய முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்பவரே அதன் தயாரிப்பாளர். பணம் போட்டு, ஆள் சேர்த்து, பதிவை நடத்தியது நீங்கள் என்றால், ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் நீங்கள். ஸ்டுடியோக்காரர் அல்ல. ஆனால் பாடியவர், வாசித்தவர்களின் நிகழ்த்துநர் உரிமை தனி. புதிதாக மெட்டோ ஜதியோ அமைத்துக் கொடுத்தவருக்கு அந்த ஆக்கத்தின் உரிமையும் தனி. காசு கொடுத்துவிட்டேனே, எனக்குத்தானே சொந்தம் என்பது இங்கே செல்லாது. எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அந்த எழுத்தில் மூன்று விஷயங்களை மறந்தால் நஷ்டம் உங்களுக்கே. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் மட்டுமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி ஆகிவிடும்.

அதனால் ஒரு பக்கத்தில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ‘இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னின்ன உருப்படிகளுக்கு நான் பாடினேன் (அல்லது வாசித்தேன்). இந்த ஒலிப்பதிவை யூடியூப், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட இணைய ஊடகங்கள் அனைத்திலும் நேரடி நிகழ்ச்சிகளிலும், உலகம் முழுவதும், உரிமைக்காலம் முடியும்வரை, வருமானம் வரும் முறையிலும் வராத முறையிலும் நடன வீடியோக்களில் பயன்படுத்த இன்னாருக்கு அனுமதி தருகிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த அனுமதி நீடிக்கும். இதற்காக இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டேன். வீடியோ விவரத்தில் என் பெயர் குறிப்பிடப்பட வேண்டும்.’ தேதி, இரு தரப்புக் கையெழுத்து. பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்பினால் அதுவும் ஒரு சாட்சி. ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: புது மெட்டு அமைத்தவருக்குச் சட்டம் தரும் ராயல்டிப் பங்கை, வேண்டாம் என்று எழுதி வாங்கிவிட முடியாது. 2012 திருத்தம் அதைத் தடுக்கிறது. தடுப்பதும் சரிதான். நம் இசைக்கலைஞர்கள் ஒரு நாள் சம்பளத்துக்கு வாழ்நாள் உழைப்பைக் கொடுத்துவிட்டுப் போன காலம் நீண்டது.

உங்கள் குருவிடமிருந்து வந்த பழைய பதிவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறி வரும் டிராக்குகள் இல்லாத நாட்டியப் பள்ளி இல்லை. வகுப்பில் போட்டுப் பயிற்சி செய்வது ஒன்று, இணையத்தில் ஏற்றுவது வேறு. அந்தப் பதிவில் பாடியவர் யார், பணம் போட்டது யார் என்று குருவிடமே கேளுங்கள். அவர் சந்தோஷமாகச் சம்மதிப்பார், ஆனால் வாய்ப்பேச்சு போதாது. சட்டம் எழுத்தைக் கேட்கிறது, மின்னஞ்சலில் நான்கு வரி வந்தாலும் வைத்துக்கொள்ளலாம். பாடகரிடமும் ஒரு வரி வாங்குங்கள்.

நீங்களே பதிவு செய்த பிறகும் கிளெய்ம் வரலாம், பதறாதீர்கள். யூடியூபின் கண்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பு ஒலியைப் பொருத்திப் பார்ப்பதோடு மெட்டையும் பொருத்திப் பார்க்கும். பழைய வர்ணத்தை அதே பாணியில் பாடினால் ஏதோ ஒரு நிறுவனத்தின் பதிவோடு ஒத்துப்போய்விடும். அப்போது யூடியூப் ஸ்டுடியோவில் ஆட்சேபம் தெரிவித்து, ‘இயற்றியவர் இன்னார், மறைந்த ஆண்டு இது, ஒலிப்பதிவு என் சொந்தத் தயாரிப்பு, பதிவு நாள் இது’ என்று சுருக்கமாக எழுதுங்கள். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கிளெய்ம் தானாக விழுந்துவிடும். வருமானம் வரும் சேனலாக இருந்தால் கிளெய்ம் வந்த ஐந்து நாளுக்குள் ஆட்சேபியுங்கள். முதல் நாளிலிருந்து வரும் பணம் முடிவு தெரியும்வரை தனியாக நிறுத்தி வைக்கப்படும்.

சரி, சொந்தப் பதிவு இப்போதைக்கு முடியாது, ஆயத்தமாக இருக்கும் இசை வேண்டும் என்றால்? யூடியூப் ஸ்டுடியோவுக்குள்ளேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது, இலவசம். அதில் சில டிராக்குகளுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம், பக்கத்திலேயே குறியீடு இருக்கும். இன்ஸ்டாகிராம், பேஸ்புக்குக்கு மெட்டா சவுண்ட் கலெக்‌ஷன். எபிடெமிக் சவுண்ட், ஆர்ட்லிஸ்ட் போன்றவை மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தாவுக்கு இசை தருகின்றன. பெரும்பாலும் சந்தா இருந்த காலத்தில் வெளியிட்ட வீடியோ பிறகும் செல்லும், முடிந்தபின் புதிதாக வெளியிடக் கூடாது. இந்திய இசைக்கென்று ஹூப்பர் என்ற உள்ளூர்த் தளமும் உண்டு. இவற்றில் ஃபியூஷனுக்கும் கன்டெம்பரரிக்கும், வீடியோவின் அறிமுகப் பகுதிக்கும் நிறைய கிடைக்கும். ஆதி தாளத்தில் கோர்வையோடு அமைந்த நாட்டிய உருப்படியைத் தேடினால் ஏமாற்றம்தான். செயற்கை நுண்ணறிவு இசைக் கருவிகளை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. இலவசத் திட்டத்தில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை வைத்திருப்பவை உண்டு. தவிர, ஆவர்த்தனக் கணக்கு பிசகாத ஒரு ஜதியை அவற்றிடம் வாங்குவதைவிட உங்கள் ஊர் மிருதங்கக் கலைஞரிடம் வாங்குவது எவ்வளவோ மேல்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெற்ற இசையில் நடனக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகையும், எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோவும் நமக்கு வசதியானவை. கெவின் மெக்லியாட் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் இன்கம்பெடெக் தளத்தில் தன் இசையைப் பெயர் குறிப்பிடும் நிபந்தனையோடு தருகிறார், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ‘மாற்றம் செய்யக் கூடாது’ என்ற வகையை நடன வீடியோவுக்குத் தொடவே கூடாது. பாட்டை ஒரு நொடிகூட வெட்டாமல் வைத்தாலும், அசையும் படத்தோடு இசையை நேரம் பொருத்தி இணைப்பதே மாற்றம்தான் என்று அந்த உரிமத்தின் வாசகமே சொல்கிறது. ‘அதே நிபந்தனையில் பகிர்க’ என்ற வகை என்றால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிவரும். ‘வணிகமற்ற பயன்பாடு’ என்ற வகை, விளம்பர வருமானம் வரும் சேனலுக்கும் மாணவர் சேர்க்கைக்காகப் போடும் வீடியோவுக்கும் பொருந்தாது. ‘நோ காப்பிரைட் மியூசிக்’ என்று தலைப்பு வைத்த சேனல்களை நம்பி எடுக்காதீர்கள். உரிமம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, எடுத்த அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சினிமாப் பாட்டு விஷயம் சங்கடமானது. ஆண்டு விழாவில் பெற்றோர் கேட்பார்கள், தவிர்க்க முடியாது. இசை நிறுவனங்களோடு இன்ஸ்டாகிராமும் யூடியூப் ஷார்ட்ஸும் ஒப்பந்தம் போட்டிருப்பதால், அந்தச் செயலிக்குள்ளேயே பாட்டைத் தேர்ந்தெடுத்து குறும் வீடியோ போடுவது ஒன்றுதான் எளிய வழி. பேஸ்புக் (இன்றைய மெட்டா) 2020-இல் சரிகம இசை நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தால்தான் பழைய தமிழ்ப் பாடல்கள் பலவும் அங்கே வந்தன. ஆனால் அந்த அனுமதி அந்தச் செயலியின் சுவருக்குள் மட்டும். ரீல்ஸைத் தரவிறக்கி யூடியூபில் ஏற்றினால் செல்லாது, காசு கட்டி விளம்பரமாக ஓட்டினாலும் செல்லாது. உங்கள் பள்ளிக் கணக்கு பிசினஸ் கணக்காக இருந்தால் பல பாட்டுகள் கண்ணிலேயே படாது, அதற்குக் காரணமும் இதுதான். ஷார்ட்ஸில் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் வீடியோவில் கண்டென்ட் ஐடி கிளெய்ம் விழுந்தால் வீடியோவே முடங்கிவிடும்.

நாங்களே பாடி ஆடினால்? பதிவு உங்களுடையது, ஆனால் மெட்டும் வரிகளும் உங்களுடையவை ஆகாது. 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். அந்தப் பாட்டுகளை முதன்முதலில் பாடியவருக்கே அந்த நிலை என்றால், நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. வரிகள், மெட்டு, பதிவு மூன்றுக்கும் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினால் மட்டுமே முழு நீள வீடியோ பத்திரம். கேட்பதானால் எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம், எந்தத் தளம், வருமானம் உண்டா என்பதை எல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

விழா மண்டபம் இசை உரிமம் வாங்கியிருக்கிறது, அதனால் வீடியோவுக்கும் பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த உரிமம் மண்டபத்துக்குள் ஒலிப்பதற்கு. பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் மதச் சடங்குகளுக்கும் சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மை. கல்வி நிறுவனத்தில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் கூடியிருக்கும் நிகழ்ச்சிக்கு அது பொருந்தும். கேமராவை இணையத்தோடு இணைத்த நொடியில் பார்வையாளர் உலகம் முழுவதும் ஆகிவிடுகிறார்கள், விலக்கு நிற்காது. நேரலைக்கும் இதே கதிதான். பத்து நொடி, முப்பது நொடி வரை பரவாயில்லை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ‘உரிமை உரிமையாளருக்கே’ என்று கீழே எழுதுவதாலும், வருமானம் எடுக்கவில்லை என்று சொல்வதாலும் அனுமதி கிடைத்துவிடாது.

இன்னும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்து, உடை தைத்து, படம் பிடித்து முடித்தபின் கிளெய்ம் வந்தால் எல்லோருக்கும் மனசு உடையும். அதனால் நடனம் அமைக்கத் தொடங்கும் முன்பே, அந்த இசையை ஒரு நிலைப்படத்தோடு சேர்த்துப் பிரைவேட் வீடியோவாக ஏற்றிப் பாருங்கள். வெளியிடுவதற்கு முந்தைய படியிலேயே யூடியூப் சோதித்து, கிளெய்ம் இருந்தால் காட்டிவிடும். இது உரிமைக்குச் சான்று ஆகாது, ஆனால் பின்னால் வரும் தலைவலியை முன்கூட்டியே காட்டும்.

இனி உங்கள் இரண்டு வீடியோக்கள். கிளெய்ம் என்பது ஸ்டிரைக் அல்ல. கிளெய்மால் சேனலுக்கு ஆபத்து இல்லை. உரிமையாளர் வீடியோவை முடக்கலாம், வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பார்வைக் கணக்கை மட்டும் கவனிக்கலாம். ஸ்டிரைக் என்பது நீக்கச் சொல்லி முறையான சட்டக் கோரிக்கை வந்தபின் விழுவது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். உங்களுக்கு வந்தது கிளெய்ம் என்பதால் அவசரப்பட்டு ஆட்சேபம் போடாதீர்கள். இரண்டிலுமே பதிவு உங்களுடையது அல்ல. தவறான ஆட்சேபம் போட்டால் அவர்கள் அதை நீக்கக் கோரிக்கையாக மாற்றலாம், ஸ்டிரைக் அப்படித்தான் வருகிறது. சினிமாப் பாட்டு வீடியோவைப் பொதுவிலிருந்து எடுத்து, பெற்றோருக்குப் பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். கீர்த்தனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதே காலப்பிரமாணத்தில் உங்கள் பாடகரைப் பாடவைத்துப் பதிவு செய்து, எழுதி வாங்கிக்கொண்டு, அதே குழந்தைகளை இன்னொரு முறை ஆடவைத்துப் படம் எடுங்கள். வீடியோ விவரத்தில் இயற்றியவர், ராகம், தாளம், பாடியவர், வாசித்தவர்கள், நட்டுவாங்கம், ஒலிப்பதிவு செய்த ஆண்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். நடன அமைப்பு உங்களுடையது என்றால் உங்கள் பெயரையும் போடுங்கள். எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகிய நடன அமைப்புக்கும் நம் சட்டம் காப்புரிமை தருகிறது.